ஜீப்பின் வாயை அடைக்க மருந்து

"நிறுத்துடா!" என்று ஜெயபாலன் துரை கத்தினார்.

டிரைவர் சன்னாசிக்குக் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து கிளம்பிய ஊளை துரையின் குரலை அப்படியே விழுங்கிவிட்டது. அவர் இவன் தோளில் ஒரு தட்டு தட்டிய பிறகுதான் பிரேக்கை மிதித்தான்.

துரை குதித்து இறங்கி ரப்பர் மரங்களுக்குள் ஓடிப் பார்த்தார். ஒருத்தராவது உட்கார்ந்திருக்க வேண்டுமே! ஊகூம். ஆணும் பெண்ணும் மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டு பால் வெட்டினார்கள். கருப்பம்மாள் என்பவள் நெற்றி வியர்வையைக்கூடத் துடைக்காமல் வெட்டினாள். அந்தத் தொழில் பக்தியைப் பார்த்துத் துரைக்கு வயிறு எரிந்தது.

வெள்ளைக்காரத் துரைகள் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகு, சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துக்கு நிர்வாகியாக வந்த முதல் நம்மாள் அவர். கோலாலம்பூரில் பயிற்சியெல்லாம் முடித்தவர். சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பிடிப்பதுதான் நிர்வாகம் என்று அங்கே யாரோ புண்ணியவான் சொல்லிக் கொடுத்து அனுப்பிவிட்டார். வந்த நாளாக ஒரே ஒரு சோம்பேறியைக் கையும் களவுமாகப் பிடித்துவிடத் துடிக்கிறார். ஒன்றும் சிக்க மாட்டேன் என்கிறது.

"இந்தச் சத்தம் எங்கேருந்துய்யா வருது?"

"டிப்ரன்சல்லேருந்துங்க துரை. பின்சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல பானையாட்டம் தொங்குதே, அதுக்குள்ள பல்லு தேய்ஞ்சு போச்சு. புதுசு போட்டா..."

"புதுசுக்கு மேலிடத்துல யாரு கேக்கறது? எண்ணெயில ஏதாவது மருந்து கலந்து ஊத்து. இந்த மாசத்துக்குள்ள சத்தம் நிக்கலைன்னா நீ உளியத் தூக்கிட்டு பால்மரம் வெட்டப் போ. காடி ஓட்ட வேற ஆளு பாத்துக்கிறேன்."

பால் வெட்டிக்கொண்டிருந்த சன்னாசி காக்கிச் சட்டை போட்டு ஸ்டீரிங் பிடித்ததே பெரும் பாடு. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் அவனோடு கூட வளர்ந்தவர்களே இப்போது "டிரைவரே" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். மறுபடியும் வாளியைத் தூக்கினால் ஊர் சிரிக்காதா?

வீட்டுக்கு வந்து மனைவி மங்களத்திடம் புலம்பினான். அவள் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். கோழி கூவுவதற்கு முன் எழுந்து போய்விடுவாள். சன்னாசியோ, துரை எழுந்த பிறகு எழுந்தால் போதும்.

"சத்தம் போட்டா என்னவாம்? வாயுள்ள காடி, கத்திட்டுப் போகட்டும்."

"ஒனக்கென்னடி தெரியும்? என் பொழப்பே அந்தப் பானைக்குள்ளதான் இருக்கு!"

ஈப்போவில் எண்ணெய்க்கடை வைத்திருந்த சீன முதலாளி ஆ செங் தவுக்கே தமிழர்களோடு பழகிப் பழகித் தமிழைத் தண்ணீராகப் பேசுவார். மேசை மேல் மூன்று டின்களை எடுத்து வைத்தார். ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று கறுப்பு.

"எது நல்லதுங்க தவுக்கே?"

"எல்லாம் நல்லதுலா. சிவப்பு ஊத்தினா பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல மெத்தை போடும். சத்தம் எப்படி வரும்? ஆனா ஒண்ணு, ஊத்திட்டு சும்மா சும்மா தொறந்து பாக்காதே. மருந்து இரும்புல ஊறணும்."

சிவப்பை வாங்கி வந்து, எண்ணெயோடு கலந்து ஊற்றினான். சாயங்காலம் தொழிற்சாலை வரைக்கும் ஓட்டிப் பார்த்தான். அடேயப்பா! பூனை நடப்பதுபோல் போயிற்று வண்டி. குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"ஊமையாயிடுச்சு மங்களம்! நாளைக்குத் துரை என்னத் தலையில தூக்கி வச்சு ஆடப்போறாரு!"

"அப்படியா? நல்லா முறுக்கி மூடுனீங்களா?" என்று கேட்டாள் மங்களம். கணவனின் வேலையில் அவள் இத்தனை அக்கறை காட்டியதே இல்லை. சன்னாசிக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

மறுநாள் துரை ஏறி உட்கார, ஜீப்பு நகர, கிளம்பியதே ஒரு ஊளை! முன்பு ஒரு நாய் என்றால் இப்போது ஏழெட்டு நாய்கள். துரை விரலை மடக்கி, மாதம் முடிய இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினார். அதுதான் சன்னாசிக்குப் பயமாக இருந்தது.

ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்தான். தரையில் ஒரு சொட்டு ஒழுகியிருக்கவில்லை. திறந்து விரலை விட்டால், உள்ளே எண்ணெய் பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. ஈப்போவுக்கு ஓடினான்.

"தவுக்கே, எண்ணெயக் காணோம்!"

தவுக்கே பெருமையாகச் சிரித்தார். "பாத்தியா மருந்து எப்படின்னு? இரும்பே குடிச்சிருச்சு! தாகம் எடுத்த பல்லுலா அது. இனிமே மஞ்சள் ஊத்து."

சன்னாசி அதையும் நம்பினான். இரும்பு எண்ணெய் குடிக்குமா என்று கேட்கத் தோன்றாத அளவுக்கு அவனுக்கு மறுபடி பால் வெட்டப் போகிற பயம்.

மஞ்சள் மருந்து அழுகிய முட்டை நாற்றம் நாறியது. கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மங்களம் தட்டை வாசலில் கொண்டுவந்து வைத்தாள்.

"இங்கயே சாப்பிடுங்க. உள்ள வந்தீங்க, கொழம்பே ஊசிப் போயிடும்."

அன்று மாலை ஜீப்பு அமைதியாக ஓடியது. மறுநாள் காலை ஊளையோடு நாற்றமும் சேர்ந்து வந்தது. துரை மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

மதார் சாகிபுவின் சாப்பாட்டுக் கடையில் லாரிக்காரர்கள் கூடி யோசனை சொன்னார்கள். ஒருத்தன் மரத்தூள் போடு என்றான். இன்னொருத்தன் வாழைப்பழத் தோல் என்றான். சாகிபு தேநீரை ஆற்றியபடியே, "ஒவ்வொண்ணாப் போடுறதாலதான் பிரச்சனையே. மூணு டின்னு மருந்தையும் ஒண்ணாப் போடுய்யா. மசாலா மாதிரி சேந்தாத்தான் சாரம்" என்றார்.

சமையற்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்! சிவப்பு, மஞ்சள், கறுப்பு, கொஞ்சம் மரத்தூள், எல்லாவற்றையும் எண்ணெயில் கலக்கி ஊற்றி, பானையை மூடும் பிளக்கை மூச்சைப் பிடித்து முறுக்கினான். அன்று மாலை ஜீப்பு ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. சன்னாசி அழுதேவிட்டான்.

மறுநாள் கோலாலம்பூரிலிருந்து பெரிய துரை வந்திருந்தார். ஜெயபாலன் துரை அவரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, "இன்னைக்குப் பாருங்க சார், பத்துப் பேரையாவது பிடிச்சுக் காட்டுறேன்" என்றார்.

ஜீப்பு புறப்பட்டது. ஐயோ! அது ஊளையே இல்லை. தொழிற்சாலையில் வேலை முடிந்ததும் ஊதுகிற சங்கு அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும். அதைக் கேட்டதும் தோட்டத்து ஜனம் மொத்தமும் உளியைக் கீழே வைத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு காலை ஒன்பது மணிக்கே லயத்தைப் பார்த்து நடந்தது. பெரிய துரை வழியில் ஒருவரை நிறுத்தி விசாரித்தார்.

"சங்கு ஊதிருச்சுங்களே!" என்றார் அவர், மிகுந்த பணிவுடன்.

அன்று பகலிலேயே சன்னாசி காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டான்.

அடுத்த நாள் விடியலில் கையில் உளி. வேறொருவன் ஜீப்பு ஓட்டுகிறான். சன்னாசி வெட்டிய முதல் மரத்திலேயே பட்டையோடு கட்டையும் சேர்ந்து வந்தது. இரண்டாவது மரம் அதைவிட மோசம். கை மறந்துபோய்விட்டது, மானம் போய்விட்டது, இனி துரை வந்து இந்தக் காயங்களைப் பார்த்தால் இந்த வேலையும் போய்விடும். கண் கலங்க, நிமிடத்துக்கு ஒருமுறை பாதையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

பக்கத்து மர நிரையில் கருப்பம்மாள் மரத்தடியில் சாவகாசமாகக் காலை நீட்டி உட்கார்ந்து, போத்தலிலிருந்து கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி இன்னும் நாலைந்து பேர் வெற்றிலை மென்றபடி சாய்ந்திருந்தார்கள்.

"என்னம்மா இது? துரை வந்துட்டா?" என்று பதறினான் சன்னாசி.

கருப்பம்மாள் ஒரு கோப்பையை அவனிடம் நீட்டினாள்.

"பயப்படாம உக்காருங்கண்ணே, துரை காடி ஒரு மைலுக்கு முன்னாலேயே கேக்கும்லா, நீங்க ஊத்துன மருந்தையெல்லாம் மங்களக்கா விடியக்காலையில போய் வடிச்சு வடிச்சு எடுத்தது பின்ன எதுக்காம்?"