இருநூறு மணி நேரம் ஓடிய பாட்டு மிஷின்

ஓசூர்,
புதன்கிழமை

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை ராஜேஷ்குமார் அவர்களுக்கு, மாமனார் ரத்தினவேல் எழுதுவது. நானும் உங்கள் அத்தை ராசாத்தியும் இங்கே சௌக்கியம். புனேயில் உங்கள் ட்ரெயினிங்கும் சாப்பாடும் சௌக்கியமாக நடக்க மலைமேல் இருக்கும் சந்திரசூடேஸ்வரர் துணை. உங்கள் வாட்ஸ்அப் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் திறந்திருப்பதால், அதில் அனுப்பினால் என் மகள் சௌமியா எட்டிப் பார்த்துவிடுவாள், அதனால் ஸ்பீடு போஸ்ட்.

போன பொங்கலுக்கு உங்கள் லேப்டாப்பைத் தூசி தட்டுகிறேன் என்று கழற்றி, நான்கு ஸ்க்ரூ மிச்சம் வைத்து மாட்டியதிலிருந்து, உங்கள் வீட்டில் ஒரு பல்பைக்கூட என்னைத் தொடவிடுவதில்லை. முப்பத்தொரு வருஷம் மெயின்டனன்ஸ் ஃபோர்மேனாக இருந்தவனுக்கு எவ்வளவு அவமானம்! அப்படிப்பட்ட நீங்களே விலை உயர்ந்த பாட்டு மிஷினையும் புது ஹெட்போனையும் என்னிடம் ஒப்படைத்து, "மாமா, எரநூறு மணி நேரம் நிக்காம ஓடட்டும், அப்பத்தான் சத்தம் பதமாகும், அதுவரைக்கும் யாரும் காதுல மாட்டாதீங்க" என்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உடனே ஷிஃப்ட் போட்டேன். ஏ ஷிஃப்ட்டும் சி ஷிஃப்ட்டும் நான், பி ஷிஃப்ட் ராசாத்தி. ஆனால் மாப்பிள்ளை, அந்த மிஷினைச் செய்தவனை எங்கள் ஃபேக்டரி லைனில் ஒரு வாரம் நிற்கவைக்க வேண்டும். கீழே ஒரு ஓட்டை, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற. மேலே ஒரு ஓட்டை, பேட்டரியைத் தொடாமல் நேரே கரண்டில் ஓட. இரண்டும் ஒரே அளவு! தப்பாகச் சொருகவே முடியாதபடி செய்வதற்கு ஜப்பான்காரன் போகா-யோகே என்று பெயரே வைத்திருக்கிறான். நீங்கள் சொன்னபடி மேலேதான் சொருகினேன். ராசாத்தி கிரைண்டருக்காகப் பிளக்கைப் பிடுங்கினாள், மிஷின் அந்த நொடியே அவுட். கேட்டால், "ஊற வச்ச அரிசி புளிச்சுப் போகும், உங்க பாட்டு என்ன புளிக்கவா போகுது?" என்கிறாள். சரி, பிடுங்கினாலும் பேட்டரி தாங்குமே என்று கீழ் ஓட்டைக்கு மாற்றினால் அங்கே வேறு கூத்து. பாட்டை மெருகேற்றும் அந்தப் பொத்தான் ஆனில் இருந்தால், சார்ஜர் ஏற்றுவதைவிட அது குடிப்பது அதிகம். வயர் மாட்டியபடியே நூறு எண்பதாகி, எண்பது நாற்பதாகி இறங்குது. சூடோ, தோசை வார்க்கலாம். மேல்வீட்டு முனிவேல் எட்டிப் பார்த்து, "என்னா சார், மிசினுக்கு ஜொரமா?" என்று ஈரத்துணியோடே வந்துவிட்டான், அவனைத் தடுத்ததற்கே எனக்குத் தனியாக மெடல் தரணும். கடைசியில் மேல் ஓட்டையை யு.பி.எஸ்.ஸில் மாட்டி, 'ஆட்கள் வேலை செய்கிறார்கள், தொடாதே' என்று போர்டும் தொங்கவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

இன்று காலை பதினோரு மணிக்கு, நோட்டில் மணிக்கொரு கையெழுத்தோடு, இருநூறு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து தாராளமாகக் காதில் மாட்டுங்கள். 'உங்க அப்பாவை நம்பி எதையும் கொடுக்கலாம்' என்று சௌமியாவிடம் உங்கள் வாயால் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

நோய் நொடியில்லாமல், பிரமோஷனோடு, நூறு வயதிலும் நல்ல காதோடு வாழ ஆசீர்வதிக்கும்,
ரத்தினவேல்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் ராசாத்தி, "இம்புட்டு நாளு ஓடுச்சே, என்ன பாட்டுன்னுதான் பாப்பமே" என்று காதில் மாட்டினாள். ஒரு சத்தமும் இல்லை. வால்யூம் சைபர். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆளில்லாத ரூமில் லைட் எரியவிடுகிறவனா நான்? யாரும் கேட்காத பாட்டுக்குச் சத்தம் எதற்கு என்று முதல் நாளே நான்தான் குறைத்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் மாப்பிள்ளை, அதற்கடுத்த ஞாயிறு வாருங்கள். சௌமியாவிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.