கானப் பேரரசர் கண்ணாயிரத்தின் படத்திறப்பு

அன்புள்ள மைத்துனன் சிவபாலனுக்கு,

காஞ்சிபுரத்திலிருந்து உன் அக்காள் புருஷன் குமாரவேல் எழுதுவது. இங்கே நானும் என் சர்க்கரை வியாதியும் சௌக்கியம். உன் அக்காள் இந்திராணிதான் நேற்றிலிருந்து யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. உனக்கு லீவு தராத திருப்பூர் முதலாளி நன்றாக இருக்கட்டும். உன் அப்பா படத்திறப்பைப் பார்க்காமல் தப்பித்தாய். போனில் சொன்னால் அவள் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

மாமா தறியில் உட்கார்ந்தால் பாட்டு, எழுந்தால் மௌனம் என்பது உனக்குத் தெரியும். ஆயுசு முழுக்கப் பாடிய மனுஷனுக்கு இந்த ஊர் கொடுத்த ஒரே மேடை, திருவிழாக் கச்சேரிக்கு முன்னால் மைக் வேலை செய்கிறதா என்று பார்ப்பது. இரண்டு வரி பாடுவார், "போதும், எறங்குப்பா" என்பார்கள், இறங்கிவிடுவார். "செத்த பிறகாவது எங்கப்பா பாட்டு ஒண்ணை நாலு பேரு முழுசா கேக்கணும்" என்று இந்திராணி ஒற்றைக்காலில் நின்றாள். எட்டாவதைத் தாண்டாத தறிக்காரன் நான் விழாத் தலைவனானேன், பார்த்துக்கொள்.

பிளெக்ஸ் கடை சத்யராஜ், "பட்டம் இன்னா போடறதுண்ணா?" என்றான். யாரும் எதுவும் கொடுக்கலையேப்பா என்றேன். "'கானப் பேரரசர்' ஒண்ணு ரெடியா இருக்குது. போன வாரம் ஒருத்தரு வேணாம்னுட்டாரு" என்று அதையே போட்டுவிட்டான். "எறங்குப்பா" என்று சொன்ன அதே நெசவாளர் சங்கத் தலைவர் முனிரத்தினம், பேரரசரோடு தான் பழகிய பெருமையை முக்கால் மணி நேரம் பேசினார், அதில் மாமா பெயர் வரவே இல்லை. பிறகு பாட்டு. தறியில் மாமா பாடும்போது என் மகள் அபி செல்போனில் பிடித்து வைத்தது, இருப்பது அது ஒன்றுதான். ஸ்பீக்கரில் போட்டதும் ஹாலே கப்சிப். எல்லாரும் கண்ணை மூடித் தலையாட்டுகிறார்கள், எனக்குப் புல்லரித்துப் போனது. அப்போது ஐயம்பேட்டைக்காரர் ஒருத்தர் கண்ணைத் திறந்தார்.

"பாவு நூலு தொய்வா இருக்குதுப்பா."

"தொய்வு இல்லய்யா. குறுக்க ஓடற நாடா போய் முட்டிக்கினு திரும்புது, சத்தத்தைக் கேளு."

"கால்மிதிக் கட்டையே சரியில்ல. இந்தத் தறியில எப்பிடித்தான் சேலை நெய்தாரோ!"

அவ்வளவுதான், ஹால் முழுக்க நெசவாளி, ஆளாளுக்குத் தறிக்கு வைத்தியம். முனிரத்தினம் கையை உயர்த்தி, "இன்னொரு தபா போடுப்பா" என்றார். இந்திராணி முகம் மலர்ந்தது. "எந்தப் பக்கம் முட்டுதுன்னு பாத்துடுவோம்" என்றார். பாட்டு முடிந்ததுகூட யாருக்கும் தெரியவில்லை. இவள் படத்து மாலையைச் சரிசெய்கிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு அழுதாள். செவிட்டு ஊரப்பா இது. பாட வந்தவனை இறக்கிவிடும், செத்தவனுக்குப் பேரரசர் பட்டம் கட்டும், அப்போதும் கேட்காது.

ஏகாம்பரநாதர் உன்னையும் பிள்ளைகளையும் நன்றாக வைக்கட்டும்; இந்த ஊரை அவர் இஷ்டப்படி செய்யட்டும்.

இப்படிக்கு,
குமாரவேல்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரம் இந்திராணி வந்து, "ஊரு கெடக்குது வுடுங்க. நீங்க கேட்டீங்க இல்ல, எங்கப்பா இன்னா பாட்டு பாடினாரு?" என்றாள். "முருகன் பாட்டு" என்றேன். "எந்த முருகன் பாட்டு?" "இரும்மா, உன் தம்பிக்கு எழுதிக்கினு இருக்கேன்" என்று மறுபடி பிரித்து உட்கார்ந்துவிட்டேன். அபி போனைக் காதோடு ஒட்டி வைத்து இரண்டு தரம் கேட்டும் பார்த்தேன். நாடா இடது பக்கம்தான் முட்டுகிறது. உனக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நீ தறியை விட்டுப் போனவன். கேட்டுவிட்டு முதல் வரியையாவது சொல்லி அனுப்பு, அவள் வாசலிலேயே நிற்கிறாள்.