நாக்கு பாயும் ஒரு லிட்டர் விளக்கெண்ணெயும்

பெரம்பலூர் வட்டாரத்தில் நாக்கு பாயிடம் பொய் சொல்லித் தப்பித்தவன் ஒருவனும் கிடையாது. சத்தியம் பண்ணிச் சொல்வேன். மாட்டிக்கொண்டவர்களில் பெரிய அசடு நான்தான்.

பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர். இருபது வருஷம் வளைகுடாவில் ஷேக்குகளின் பழைய அமெரிக்கக் கார்களுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வந்து, துறையூர் ரோட்டில் ஷெட் போட்டிருக்கிறார். வண்டியில் எந்த எண்ணெய் இருந்தாலும் விரலில் தொட்டு நாக்கு நுனியில் வைப்பார். கண்ணை மூடுவார். துப்புவார். நோய் தெரிந்துவிடும், ஆனால் சொல்லமாட்டார். வண்டிக்கு என்ன கொடுமை செய்தோம் என்று ஓனர் தன் வாயால் ஒப்புக்கொள்ளும்வரை ஸ்பானரையும் தொடமாட்டார். முக்காலியில் உட்கார்ந்து டீ குடிப்பார்.

ரயிலே வராத பெரம்பலூரில் ரயில் பெட்டி நீளத்துக்கு ஒரு அமெரிக்கக் கார் நிற்கிறதென்றால், அது என்னுடையது. ஏற்காட்டு எஸ்டேட்காரர் ஒருவர் என் தலையில் கட்டியது. ஸ்டியரிங் இடது பக்கம், கியர் தானாக மாறும், க்ளட்ச் கிடையாது. முதல் நாள் பழக்கதோஷத்தில் க்ளட்ச் என்று நினைத்து பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பின்சீட்டில் இருந்த என் மனைவி முன்சீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் எங்கே போனாலும் பஸ்தான்.

இந்த லட்சணத்தில், என் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் கார்தான் என்று அரியலூர் சம்பந்தியிடம் பெருமை அடித்துவிட்டேன். அவர் அரியலூர் முழுக்கச் சொல்லிவிட்டார். அழைப்புக்கு நாலு நாள் இருக்கும்போது வண்டி உறுமியது, நகரவில்லை. டிராக்டரில் கட்டி பாயிடம் இழுத்துப் போனேன்.

பாய் கியர் பெட்டியில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி, ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். முகம் கோணியது. டீயால் வாய் கொப்பளித்தார்.

"என்ன ஊத்துனீங்க சார்?"

"நானா? நான் கையே வைக்கலையே பாய்!"

"சரி. உக்காருங்க, டீ சாப்புடுங்க."

மூன்று நாள் டீ குடித்தேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் 'பொய் சொல்லாதே' என்று பிரம்பை ஆட்டியவன் நான். கேட்கிற நேரத்தில் எனக்கு உண்மை வரவில்லை.

"மாப்ள நடந்து வந்தாலும் கல்யாணம் நடக்கும் சார்" என்றார் பாய். "வண்டிக்கு வாயில்ல. அதுக்காக நீங்கதான் பேசணும்."

அழைப்புக்கு முதல் நாள் காலையில் சம்பந்தியே ஷெட்டுக்கு வந்து இறங்கினார்.

"என்னங்க, வண்டி படுத்துருச்சாம்ல? எவன் கெடுத்தது?"

நான் காலி டீ கிளாஸை வாயில் வைத்து உறிஞ்சினேன். பாய் என் முகத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு முக்காலியிலிருந்து எழுந்தார்.

"நாந்தாங்க. கண்ணு மங்கிப்போச்சு, டப்பா மாத்தி ஊத்திட்டேன். நாளைக்கு மாப்ள இதுலதான் வருவாரு, இன்ஷா அல்லாஹ்."

"பெரிய மெக்கானிக்குன்னாங்க! பாத்து செய்யத் தெரியாதா?" என்று சம்பந்தி பத்து நிமிஷம் வாங்கு வாங்கென்று வாங்கினார். பாய் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்.

சம்பந்தி வண்டி ரோட்டில் ஏறியதும் நான் உடைந்துவிட்டேன்.

"வெளக்கெண்ணெ பாய். கியர் எண்ணெ அளவு கொறஞ்சிருந்துச்சு. மாட்டுவண்டி அச்சுக்கு எங்க வூட்டுல அதான் போடுவாங்க. ஒரு லிட்டர் ஊத்திட்டேன்."

"மொத நாளே தெரியும் சார். வூட்டுல காய்ச்சுனது. நல்ல எண்ணெதான், மாட்டுவண்டிக்கு."

சொல்லி முடிக்கும்போது அவர் காருக்கு அடியில் இருந்தார். இருட்டுவதற்குள் கியர் பெட்டியைக் கழற்றி, மூன்று முறை கழுவி, உரிய சிவப்பு எண்ணெயை ஊற்றி ஓட்டிக் காட்டிவிட்டார்.

மறுநாள் பாயே ஓட்டினார். மாப்பிள்ளை பின்சீட்டில் என் பக்கத்தில். முன்னால் உட்கார்ந்த சம்பந்தி வழியெல்லாம், "கண்ணு தெரியுதா பாய்? பாத்து, பாத்து!" என்றபடி வந்தார். "தெரியுதுங்க" என்றார் பாய், ஒவ்வொரு தடவையும்.

மண்டப வாசலில் எனக்குப் பொறுக்கவில்லை. மேளம் நின்ற இடைவெளியில், விளக்கெண்ணெய் உட்பட எல்லாவற்றையும் சம்பந்தியிடம் கொட்டிவிட்டேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாய்தான் கோபித்துக்கொண்டார்.

"ஏன் சார் சொன்னீங்க? நான் ஒரே ஒரு பொய் சொன்னேன், அதையும் வீணாக்கிட்டீங்களே!"

அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். இப்போதெல்லாம் வண்டியில் ஒரு கோளாறும் இல்லாவிட்டாலும், போய் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன்.