கறிநாளில் இறங்கிய விமானம்

தலைப்பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போகும் மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு. சும்மா இருப்பது. உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்து, இலையில் வைத்ததைச் சாப்பிட்டு, "போதும் அத்தை" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இந்த எளிய வேலையைக் கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாத மாப்பிள்ளை ஆர்.எஸ்.மங்கலம் வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்போது நான் பெங்களூரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தேன். ரிமோட்டில் பறக்கும் குட்டி விமானங்கள் மேல் பைத்தியம். பைத்தியம் என்றால், கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்து தேர்ந்தெடுத்த நேரத்தை விட ஒரு விமானத்துக்கு மோட்டார் தேர்ந்தெடுத்த நேரம் அதிகம். (என் மனைவி வாசுகிக்கு இது தெரியும். இன்னும் மறக்கவில்லை.) ஆகாயத்தில் குட்டிக்கரணம் போடும் ரகத்தில் ஒன்றைச் செய்வதற்கான சாமான்களைப் பொங்கலுக்குக் கிளம்பும்போது பெட்டியில் திணித்துக்கொண்டேன். வேட்டி சட்டைக்கு இடம் போதாமல் அவற்றை வாசுகியின் பையில் வைத்தேன்.

மாடி அறை இரண்டே நாளில் தொழிற்சாலை ஆகிவிட்டது. மெல்லிய ஃபோம் அட்டையை வெட்டி உடலும் இறக்கையும் செய்தேன். நுனிக்கு நுனி எண்பது சென்டிமீட்டர். மூக்கில் மோட்டார், வயிற்றில் பேட்டரி, இறக்கைத் தட்டுகளையும் வாலையும் அசைக்கத் தீப்பெட்டி அளவில் சர்வோ மோட்டார்கள். பசை காயும்வரை வால் கோணாமல் இருக்க வாசுகிதான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தை காபியோடு வந்து, அறைக்குள் கால் வைக்க இடமில்லாமல் வாசலிலேயே நின்று, "மாப்பிள்ளை எதோ ஆபீசு வேலை பாக்குறாக" என்று கீழே போய்ச் சொன்னார். ஃபோம் துணுக்குகள் காற்றில் பறந்து வீடெல்லாம் ஒட்டின. மாமாவின் வெள்ளை வேட்டியில் ஒட்டியது மட்டும் தெரியவில்லை. அவர் மீசையில் ஒட்டியது தெரிந்தது. யாரும் சொல்லவில்லை. மாமா அதிகம் பேசாதவர். அவரிடம் மற்றவர்களும் அதிகம் பேச மாட்டார்கள்.

பொங்கல் கழிந்து ஊரே கறி சமைக்கும் கறிநாள் காலையில் கடைசிச் சோதனை. இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கிப் பார்த்தேன். மூக்கு சாயவில்லை, வாலும் சாயவில்லை. பேட்டரியைச் சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறேன் என்று அர்த்தம். பிறகு விமானத்தின் மூக்குக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளினேன். வலப்பக்கத் தட்டு மேலே எழுந்தது. "கரெக்ட்" என்றேன்.

விமானத்துக்குப் பின்னால் நின்ற வாசுகி, "கரெக்ட் இல்லையே" என்றாள். "நீங்க வலது பக்கம் தள்ளுனா இங்கன எடது தட்டுல்ல மேல வருது?"

இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. எதிரே உட்கார்ந்து பார்த்தால் என் வலது அதற்கு இடது. கண்ணாடி பார்த்துத் தலை வாரத் தெரிந்த எவனுக்கும் இது தெரியும். அவளோ ட்ராக்டர் ஓட்டுகிறவள். ட்ரெய்லரைப் பின்னுக்கு எடுக்கையில் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்க வேண்டும் என்பது கைக்குப் பழகியவள். நான் என்ன செய்தேன்? ஒரு புன்னகை புரிந்தேன். "அது ஏரோடைனமிக்ஸ் வாசுகி. உனக்குச் சொன்னா புரியாது."

அவள் துடைப்பத்தை எடுத்து ஃபோம் துணுக்குகளைக் கூட்டத் தொடங்கினாள். கல்யாணமாகி ஐந்து மாதம்தானே ஆகியிருந்தது.

பறக்கவிடுவதற்கு மாமாவின் சிமெண்டு நெற்களம் தோதாக இருந்தது. களத்தின் ஒரு ஓரத்தில் புளியமரம். அதனடியில்தான் விருந்துச் சமையல். கறிநாளன்று மாமாவின் வயலில் வேலை செய்கிறவர்கள், சொந்தக்காரர்கள் என்று எண்பது பேருக்கு அங்கே ஆட்டுக்கறிச் சோறு போடுவது வழக்கம். செய்தி பரவி எண்பது பேரும் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் விளையாட்டில் இருநூறு தடவையாவது விமானம் ஓட்டியிருக்கிறேன் என்ற தைரியத்தில் (நிஜத்தில் ஓட்டியது நான்கு தடவை, அதுவும் சாதுவான ரகம்) நான் வேட்டியை மடித்துக் கட்டினேன்.

விமானம் அழகாகத்தான் கிளம்பியது. களத்தில் பத்தடி உருண்டு ஜிவ்வென்று எழுந்தது. கைதட்டல் காதைப் பிளந்தது. வாடைக்காற்று லேசாகத் தட்டியதில் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. சரி செய்யக் குச்சியை வலப்பக்கம் தள்ளினேன். இன்னும் இடப்பக்கம் சாய்ந்தது. இன்னும் தள்ளினேன். தலைகீழாகப் புரண்டது.

"ஏலே, மாப்பிள்ளை தலகீழா ஓட்டுறாகடா!" என்று ஒருவர் கத்தினார். மறுபடியும் கைதட்டல்.

அதற்குப் பிறகு நடந்த குட்டிக்கரணங்களில் ஒன்றுகூட நான் போட்டதில்லை. பதற்றத்தில் நான் வலது என்றால் அது இடது என்றது, மேலே என்றால் தரையைப் பார்த்தது. கூட்டம் விசிலடித்தது. என் வாழ்க்கையில் அத்தனை பேர் என்னைப் பாராட்டியது அந்த இருபது விநாடிதான். பிறகு விமானம் புளியமரத்தைப் பார்த்துத் திரும்பியது. மரத்தடியில் சமையல்காரர் கருப்பையா உப்புப் பார்ப்பதற்காக அப்போதுதான் அண்டாவின் மூடியைத் தூக்கியிருந்தார்.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. "லபக்" என்று ஒரு சத்தம். வால் மட்டும் வெளியே நின்றது.

முகத்தில் மசாலாவோடு நிமிர்ந்த கருப்பையா, கரண்டியைக் கீழே வைக்காமல் மாமாவைப் பார்த்து, "அய்யா... மாப்பிள்ளை பிளேனு எறங்கிருச்சு" என்றார்.

ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. புது மாப்பிள்ளையைப் பார்த்து யார் சிரிப்பது? துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். சிலர் புளியமரத்தின் உச்சியை ஆராய்ந்தார்கள். ஒருவருக்குத் தோள் மட்டும் குலுங்கியது.

கருப்பையா விமானத்தைக் கரண்டியால் தூக்கி எடுத்தார். "ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. இதை எடுத்துப் போட்டுட்டுப் பந்தியப் போட்டுறலாம். கொதிக்கிற கொழம்புல எது நிக்கும்?"

எனக்கும் அப்படியே விட்டுவிட ஆசைதான். ஆனால் பேட்டரியைப் பார்த்தேன். கிழிந்து, பூரி மாதிரி உப்பியிருந்தது. அதற்குள் இருப்பது என்ன மாதிரியான மருந்து என்று அந்தக் களத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். விமானத்தைப் பிடுங்கித் தூரத்து மணலில் போட்டுவிட்டு வந்தேன். வாயைத் திறந்தால் எண்பது பேரின் கறிச்சோறு போச்சு. மூடிக்கொண்டால்?

"மாமா, இதை யாரும் சாப்பிடக் கூடாது. பேட்டரி உடைஞ்சிருக்கு. விஷம். குழம்பைக் கொட்டிரணும்."

"இம்புட்டுக் கறியையுமா?" என்றார் அத்தை, நெஞ்சில் கை வைத்து. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. வருடத்தில் ஒரு நாள் அந்தக் கறிக்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள். அப்போது வாசுகி முன்னால் வந்தாள். காலையில் நான் சொன்ன ஏரோடைனமிக்ஸை அவள் சபையில் எடுத்து வைத்திருக்கலாம். முழு உரிமையும் இருந்தது.

"அய்யா, அவுக சொல்றது சரி. கொட்டச் சொல்லுங்க" என்று மட்டும் தன் அப்பாவிடம் சொன்னாள்.

மாமா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "குழி வெட்டுங்கடா" என்றார்.

மண்வெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். "மாப்பிள்ளை வெட்டவா!" என்று நாலு பேர் பதறினார்கள். நான் வெட்டிய அழகைப் பார்த்தபின் பதறியது எட்டுப் பேர். கடைசியில் அவர்கள்தான் வெட்டினார்கள். அண்டா கவிழ்ந்தது. நாய் தோண்டாதபடி மேலே கல் வைத்து மூடினோம். சோறு மட்டும் வெள்ளை வெளேரென்று ஆவி பறக்கக் காத்திருந்தது.

அப்போதுதான் முத்துராக்கு பேசினார். மாமாவின் வயலில் நடவு, களையெடுப்பு எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிற பெண்மணி. "அய்யா, தப்பா நினைக்கலைன்னா ஒண்ணு சொல்றேன். எங்க வீட்டுல ராத்திரிக்குன்னு கோழிக்கொழம்பு வச்சிருக்கேன். எல்லா வீட்டுலயும் எதாச்சும் இருக்கும். கொண்டாரவா?"

மாமா வீட்டிலிருந்து சோறு வெளியே போகும். வெளியிலிருந்து, அதுவும் வயலில் வேலை செய்கிறவர்கள் அடுப்பிலிருந்து, அந்த வீட்டுக்கு எதுவும் வந்ததில்லை. எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். முத்துராக்கு கேட்டுவிட்டோமே என்பது போல முந்தானையை முறுக்கினார்.

"கொண்டா ஆத்தா" என்றார் மாமா. "மாப்பிள்ளை பசியோட இருக்காக."

அரை மணி நேரத்தில் தூக்குவாளியும் சட்டியுமாக வந்து இறங்கின. கோழிக்குழம்பு, முட்டைக்குழம்பு, கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக்குழம்பு. ஒரு வீட்டில் தேவிபட்டினத்துச் சம்பந்தி கொடுத்தனுப்பிய நண்டு. களத்தில் வரிசையாக இலை போட்டார்கள். மாமா நாற்காலியை விட்டு எழுந்து வந்து, எல்லோரோடும் தரையில் உட்கார்ந்தார். முத்துராக்கு ஊற்றிய கோழிக்குழம்பில் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை, உப்புப் பாக்கத்தான் பிளேனை அனுப்புனீகளோ?"

அவ்வளவுதான். ஒரு மணி நேரமாக அடக்கி வைத்த சிரிப்பு மொத்தமும் வெடித்தது. கருப்பையா இலையிலேயே சாய்ந்துவிட்டார். வாசுகிக்குக் கண்ணில் தண்ணீர். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் எனக்கு இடம் கிடைத்தது கல்யாணத்தன்று இல்லை, அன்றைக்குத்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மறு வருடம் பொங்கலுக்கு முன்னாலேயே முத்துராக்கு வந்து, "பிளேனு எறங்குனாலும் சரி, எறங்காட்டியும் சரி, நான் கொழம்பு கொண்டாந்துருவேன்" என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனாராம். அதிலிருந்து கறிநாளன்று மாமா வீட்டில் எல்லோருக்கும் சேர்த்துச் சோறு மட்டும்தான் பொங்குகிறார்கள். குழம்பு எல்லா வீட்டிலிருந்தும் வருகிறது, மாமா வீட்டுக் குழம்பும் அதில் ஒன்று. அந்த விருந்துக்கு ஏரோப்ளேன் சோறு என்று பெயரே நிலைத்துவிட்டது.

போன பொங்கலுக்கு அந்த ஊருக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண், இதற்கு ஏன் இப்படி ஒரு பேர் என்று பந்தியில் கேட்டாள். முத்துராக்கு கரண்டியால் என்னைக் காட்டினார்.

"அந்தா, ரெண்டாவது தடவ கருவாட்டுக்கொழம்பு வாங்குறாக பாரு. அவுகதான் பைலட்டு."

எச்சில் கையைத் தூக்கி அந்தப் பெண்ணுக்கு ஒரு வணக்கம் வைத்தேன்.