புரட்டாசியில் ஒரு ஸ்டேக்

தட்டு வந்து இறங்கியதும் பாலன் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினார். வெள்ளைத் தட்டின் நடுவே கரும்பழுப்பில் ஒரு கட்டி. அதன் அடியிலிருந்து சிவப்பாக ஏதோ கசிந்துகொண்டிருந்தது.

"ஸ்டேக்," என்றார் எதிரே இருந்த கிரிகரி, பெருமையாக. "இங்க இதுதான் ஸ்பெஷல். சாப்பிடுங்க மிஸ்டர் பாலன்."

புரட்டாசிச் சனிக்கிழமை, பட்டப்பகல். காலையில்தான் அவரும் மனைவி நல்லம்மாளும் கிள்ளான் பெருமாள் கோயிலில் துளசித் தீர்த்தம் குடித்துவிட்டு வந்திருந்தார்கள். இப்போது கோலாலம்பூரில், மேகத்தைத் தொடும் மாடியில், ஒரு பிரெஞ்சு ரெஸ்டாரன்டில் மாட்டுக்கறி. சாதாரண மாதத்திலேயே பாலன் வீட்டில் மாடு என்ற பேச்சே கிடையாது.

கிள்ளான் பக்கம் மேருவில் லோரி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாலனுக்கும் நல்லம்மாளுக்கும் ஒரே மகள் லோகேஸ்வரி. பினாங்கில் நர்ஸ். அங்கே வேலை பார்க்கும் காலேப்பைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். காலேப்பின் அப்பா கிரிகரி, பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மெதடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பம். பெரியவர்கள் நாலு பேரும் முதலில் சாப்பிடுவோம், பிறகு பேசுவோம் என்று அவர்தான் அழைத்திருந்தார். சம்மதமா இல்லையா என்று இதுவரை வாயைத் திறக்கவில்லை.

முந்தின நாள் மகள் போன் செய்து உத்தரவு வேறு போட்டிருந்தாள். "அப்பா, அங்க போயி சாமி, விரதம்னு பேச்சு எடுக்காதீங்க. அவங்க எது வெச்சாலும் சாப்பிட்டுட்டு வாங்க. டூட்டிக்கு லேட்டாச்சு லா, வைக்கிறேன்."

அதன்பிறகு அவள் போனை எடுக்கவே இல்லை.

விரதத்தைச் சொன்னால் மகளின் கல்யாணம் கெடும். சொல்லாமல் தின்றால் பெருமாளுக்குப் பதில் சொல்ல வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

"நல்லம்மா, பேக்கைத் திற," என்று உதடு அசையாமல் சொன்னார் பாலன்.

கிரிகரியும் அவர் மனைவி வெரோனிகாவும் தண்ணீர் கேட்கத் திரும்பிய நேரத்தில், இரண்டு கட்டிகளும் துணி நாப்கினில் சுருண்டு நல்லம்மாளின் கைப்பைக்குள் போய்ச் சேர்ந்தன. பாலன் வாயைத் துடைத்துக்கொண்டார். பெரிய கண்டம் தாண்டியது போலிருந்தது.

கிரிகரி காலித் தட்டுகளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பார்த்தியா வெரோனி? இவங்களுக்குப் பிடிக்குமான்னு பயந்துட்டு இருந்தியே." உடனே கையை உயர்த்தினார். "மிஸ், இவங்க ரெண்டு பேருக்கும் இன்னொன்னு."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? பாலன் சிரித்து வைத்தார்.

இரண்டாவது தட்டு வந்தது. இம்முறை கிரிகரி கண்ணை எடுக்கவே இல்லை. பாலன் சட்டென்று ஜன்னலைக் காட்டினார்.

"சார், அதோ தெரியுதே, அது என்ன கட்டடம்?"

"அதுவா? இரட்டைக் கோபுரம்."

"ஓ, அதுதானா இது."

பக்கத்து ஊரான கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்த ஆளை வெரோனிகா ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் தலைமையாசிரியருக்குப் பாடம் நடத்த வாய்ப்புக் கிடைத்துவிட்டது. மனைவியையும் ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அஸ்திவாரத்திலிருந்து ஆரம்பித்தார். அவர் உச்சிக்கு வருவதற்குள் நல்லம்மாள் இரண்டு கட்டிகளையும் பைக்குள் சேர்த்துவிட்டாள். கைப்பை சினைமாடு போலப் புடைத்திருந்தது.

"அடடே, அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?" கிரிகரிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. தன் தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி, முள்கரண்டியில் குத்தி, மேசையைத் தாண்டி நீட்டினார். "இது நடுப்பகுதி. என் கையால ஒரு வாய் வாங்கிக்கணும்."

வாசனை மூக்கில் ஏறியது. பாலன் நல்லம்மாளைப் பார்த்தார். நல்லம்மாள் கூரையைப் பார்த்தாள். மனிதர் பாசத்தோடு நீட்டுகிறார், வேண்டாம் என்றால் சம்பந்தம் அப்போதே முறிந்துவிடும். பாலன் கண்ணை மூடினார். 'கோவிந்தா, என் மகளுக்காக' என்று மனத்துக்குள் சொல்லிவிட்டு வாயைத் திறந்தார்.

நன்றாக இருந்தது. பஞ்சு போலக் கரைந்தது. பாவம் செய்ததுகூட வலிக்கவில்லை, பாவம் ருசியாக இருந்ததுதான் அவருக்குத் தாங்க முடியாத துக்கமாக இருந்தது.

"என்னங்க," என்றாள் நல்லம்மாள் தீனமாக. "ஒழுகுது."

கைப்பையிலிருந்து சிவப்பு நீர் சொட்டி, அவளுடைய சந்தன நிறப் பட்டுப் புடவையில் ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தலை சுற்றுகிறது என்று எதையோ உளறிவிட்டு, மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் பக்கம் ஓடினார் பாலன்.

பாத்ரூம் வாசலில் ஒரு குப்பைத்தொட்டி இருந்தது. நல்லம்மாள் பையைக் கவிழ்த்தாள். நிமிர்ந்தால், எதிரே பரிமாறும் பெண் நின்றுகொண்டிருந்தாள். சட்டையில் விவியன் என்று பெயர்.

"என்ன ஆன்டி, டேஸ்ட்டு சரியில்லையா?"

நல்ல தமிழைக் கேட்டதும் பாலன் உடைந்து போனார். "அம்மா, உனக்குப் புண்ணியமா போகும், அவங்ககிட்ட சொல்லிடாத. எங்களுக்குப் புரட்டாசி. ஒளிச்சு வெச்சுப் பார்த்தோம், முடியல. கடைசியில ஒரு வாய் மாட்டுக்கறி தின்னுட்டேன்."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு விரலிடுக்கில் வழிந்தது.

"மாடா? அங்கிள், அது காளானும் பீட்ரூட்டும். பேருதான் ஸ்டேக். இங்க எல்லாமே சைவம்."

பாலன் சுவரில் சாய்ந்தார். கண் கலங்கியது. நல்லம்மாள் குப்பைத்தொட்டி என்றும் பாராமல் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். தட்டு வந்ததிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் ஒரே நிமிடத்தில் உருண்டு போனது. மூச்சு சீரானதும் பாலனுக்குக் கிரிகரிமேல் இரக்கம்கூட வந்தது.

"பாவம் நல்லம்மா, அந்த மனுஷன் கறின்னு நெனச்சு நம்மளைக் கூட்டிட்டு வந்து ஏமாந்துட்டார். விஷயம் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடும். நாம வாயைத் திறக்க வேணாம்."

"யாரு, அந்த அங்கிளா?" என்றாள் விவியன், குப்பைத்தொட்டியை மூடியபடி. "'என் சம்பந்தி வீட்டுல புரட்டாசி, ஒரு முட்டைகூடப் பட்டுடக் கூடாது'ன்னு ஒரு வாரமா போன் பண்ணி எங்க செஃப் உயிரை எடுத்தது யாருன்னு நெனச்சீங்க?"