பூனை இன்னும் பழகவில்லை

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். உங்கள் மனைவி, அதாவது என் மகள், தானும் சௌக்கியம் என்றே எழுதச் சொன்னாள். அங்கே உங்கள் உடம்புக்கும் வகுப்புகளுக்கும் ஒரு குறையும் வராதிருக்க வேண்டும். நீங்கள் பதிவுத் தபாலில் அனுப்பிய 'பூனையின் உடல்மொழி: பதினான்கு பக்கக் கையேடு' வந்து சேர்ந்தது. கம்பெனி கம்பெனியாகப் போய் ஆயிரம் பேருக்கு உடல்மொழி சொல்லிக்கொடுக்கிறவர், ஒரு பூனைக்காக மெனக்கெட்டு, படம் வரைந்து, அம்புக்குறி போட்டு அனுப்பியிருப்பது எங்களுக்குப் பெருமை. பதினான்கு பக்கத்தையும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன். கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒன்பதாம் பக்கம் உரிந்து சாம்பாருக்குள் விழுகிறது என்று உங்கள் அத்தை குறைப்படுகிறாள். அதை விடுங்கள்.

நீங்கள் இருவரும் விலங்குக் காப்பகத்திலிருந்து எடுத்துவந்து ஒரு வாரம்கூட ஆகியிராத பூனை. பயந்த சுபாவம். "இடம் மாறினா சரியாயிடும்பா, நாலு நாள் இருந்துட்டுப் போறேன்" என்று கூடையும் கையுமாக மகள் வந்து இறங்கினாள். நாலு நாள் இன்றோடு இருபத்தோரு நாள் ஆகிறது. பூனை இன்னும் பழகவில்லை. அதை விவரமாகத் தெரிவிக்கவே இந்தக் கடிதம். பூனை தவிர வேறு எதைப் பற்றியும் ஒரு வரி எழுதக்கூடாது என்று மகள் கறாராகச் சொல்லியிருக்கிறாள். நான் எழுதியதை அவள் படித்துப் பார்த்த பிறகுதான் தபாலில் சேர்க்க வேண்டுமாம்.

நான் முப்பத்தோரு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் என்பது தாங்கள் அறிந்ததே. பெட்டிக்குள் கால் வைத்ததுமே யாரிடம் டிக்கெட் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். தூங்குகிற மாதிரி நடிக்கிறவனுக்குக் கால் கட்டைவிரல் தூங்காது. இருட்டுச் சுரங்கத்துக்குள் வண்டி போகும்போதும் ஜன்னல் வழியே இயற்கையை ரசிக்கிறவரிடம் கட்டாயம் டிக்கெட் இருக்காது. இத்தனை பேரைப் பார்த்தவனுக்கு ஒரு சுண்டைக்காய்ப் பூனை எம்மாத்திரம் என்று அசட்டையாக இருந்துவிட்டேன்.

வந்த அன்றே அது கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. சீட்டுக்கு அடியில் பதுங்குகிறவர்களை நான் எப்படிப் பிடிப்பேனோ அதே முறையில் டார்ச் அடித்து, குனிந்து, கண்ணுக்கு நேராகப் பார்த்து, "ம், வெளியே வா" என்றேன். கண் கருகருவென்று விரிந்தது. காது இரண்டும் பழைய ரயில்வே கைகாட்டி மாதிரி பக்கவாட்டில் சாய்ந்தன. கைகாட்டி சாய்ந்தால் வண்டி போகலாம் என்று அர்த்தம். முப்பத்தோரு வருடப் பழக்கம் லேசில் விடுமா? கையை நீட்டிவிட்டேன். சாய்ந்த காதுக்கு உங்கள் நாலாம் பக்கத்தில் 'பயம், நெருங்காதே' என்று சிவப்பு மையில் போட்டிருக்கிறது. அந்த நாலாம் பக்கம் தபாலில் வருவதற்குள் என் கையில் மூன்று கோடு விழுந்துவிட்டது. உங்கள் அத்தை மருந்து போட்டுக்கொண்டே, "நீங்க அபராதம் போட்ட அத்தனை பேருக்கும் சேர்த்து அது ரசீது கிழிச்சிருக்கு" என்றாள்.

கையேடு வந்த பிறகு அதன்படியே நடந்தேன். 'நேருக்கு நேர் பார்க்காமல், பக்கவாட்டில், தரையில் அமரவும்' என்கிறது ஐந்தாம் பக்கம். அமர்ந்தேன். எவ்வளவு நேரம் என்று நீங்கள் எழுதவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து எழுந்திருக்கப் பார்த்தால் முழங்கால் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது. கத்தினால் பூனை மிரளும் என்று ஆறாம் பக்கத்தில் இருப்பதால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். சமையலறையிலிருந்து உங்கள் அத்தை, "ஏங்க, பூனைக்கு வித்தை காட்டினது போதும், சாப்பிட வாங்க" என்று மூன்று முறை கூப்பிட்டுவிட்டு, நாலாவது முறை கரண்டியோடு வந்து பார்த்துத்தான் என்னைத் தூக்கி நிறுத்தினாள்.

எட்டாம் பக்கம் இதைவிட மோசம். 'கண்ணை மெதுவாக மூடித் திறந்தால் பூனை உங்களை நண்பனாக ஏற்கும்.' சரி என்று, பூனை ஜன்னல் திட்டில் உட்கார்ந்திருந்த சமயம் பார்த்து, எதிரே நின்று மெதுவாக மூடினேன், மெதுவாகத் திறந்தேன். பூனை அசையவில்லை. விடுவேனா? இருபது தடவை செய்தேன். பூனைக்குப் பின்னால் எதிர்வீட்டு மாடியில் தையல்காரம்மா துணி வெட்டிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை, சத்தியமாகக் கவனிக்கவில்லை. பத்து நிமிடத்தில் அவருடைய கணவர் கதவைத் தட்டினார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். நல்ல மனிதர், "சார், கண்ணுல ஏதோ கோளாறுன்னு வீட்டுல சொன்னாங்க" என்று சொட்டு மருந்து கொண்டுவந்திருந்தார். வேண்டாம் என்றால் விளக்கம் சொல்ல வேண்டுமே! சோபாவில் சாய்ந்து பேசாமல் இரண்டு கண்ணிலும் விட்டுக்கொண்டேன். அதற்குள் அன்னிய ஆளைப் பார்த்த பூனை வாலைப் பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரி ஆக்கிக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது.

வால் விஷயத்திலும் ஏமாந்தேன். ஒரு நாள் வாலைப் பட் பட்டென்று தரையில் அடித்தது. நாய் வாலாட்டினால் பாசம், பூனைக்கும் அதேதானே என்று நினைத்துத் தடவப் போனேன். 'எரிச்சல், தொடாதே' என்கிற பதினோராம் பக்கத்தைப் படித்திருக்க வேண்டும். பிறகு படித்தேன், கீறல் விழுந்த கையைப் பிடித்துக்கொண்டு.

(பிறகு ஓரத்தில் எழுதியது: இங்கே மூன்று வரி கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். மகள் எழுத்துப்பிழை திருத்தினாள்.)

ஆகவே மாப்பிள்ளை, பூனை அறையை விட்டு வெளியே வருவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுகிறது. இந்த நிலையில் அதை அங்கே அழைத்துவருவது உசிதமில்லை. இன்னும் ஒரு மாதமாவது ஆகும் என்று தெரிகிறது. தாங்கள் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து சிரமப்பட வேண்டாம் என்றும் எழுதச் சொல்லி உத்தரவு.

உங்கள் வகுப்புகள் பெருகவும், நீங்கள் நோய்நொடியின்றி வாழவும் மனமார ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பி.கு.: மகள் கடிதத்தைப் படித்தாள், அடித்தாள், "போற வழியில நீங்களே உறையை ஒட்டிக்குங்க" என்று கொடுத்துவிட்டாள். அங்கேதான் கோட்டை விட்டாள். இப்போது தபால் நிலையத்தில் நின்றுகொண்டு, கயிற்றில் கட்டிவைத்திருக்கும் பேனாவால் எழுதுகிறேன். கயிறு நீளம் பற்றவில்லை. பின்னால் ஆள் நிற்கிறது. நேரில் பேசுகிற மாதிரியே எழுதிவிடுகிறேன்.

மாப்பிள்ளை, பூனை என்னைக்கோ பழகிடுச்சு. மேலே எழுதின கூத்தெல்லாம் முதல் வாரத்தோட சரி. உங்க அத்தை கையேட்டுல ஒரு வரிகூடப் படிக்கல. அவ பாட்டுக்கு அவ வேலையைப் பார்த்தா, அதுவா வந்து அவ கால் மேல படுத்துக்கிச்சு. இப்ப என் மடியை விட்டு எறங்க மாட்டேங்குது. ரூமை விட்டு வராம, சரியாச் சாப்பிடாம இருக்கறது பூனை இல்ல. அந்த மூணு வரியில அதைத்தான் எழுதியிருந்தேன்.

நேத்துதான் எம்பொண்ணு அவ அம்மாகிட்ட வாயைத் திறந்தா. இங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் உங்ககிட்ட ஏதோ சொல்ல வந்து கையைக் கட்டிக்கிட்டு நின்னாளாம். நீங்க, "கையைக் கட்டிக்கிட்டு நிக்கறது எதிர்ப்பைக் காட்டுற உடல்மொழி, முதல்ல கையை எடு, அப்புறம் பேசலாம்"னு சொன்னீங்களாம். அவளுக்கு அப்ப நூத்திரெண்டு காய்ச்சல், மாப்பிள்ளை. குளிருதுன்னு சொல்லத்தான் வந்திருக்கா.

உங்களை மட்டும் குத்தம் சொல்லல. நெசமாவே மயங்கி விழுந்த ஒரு பெரியவரை, டிக்கெட் இல்லாம நடிக்கிறார்னு நெனச்சு அதட்டினவன் நான். இன்னும் அந்த முகம் மனசை விட்டுப் போகல.

இதையும் கேட்டுக்குங்க. பூனைக்கு உங்க வாசனை பழகணும்னு காப்பகத்துல சொன்னாங்கன்னு, உங்க பழைய சட்டை ஒண்ணைக் கூடையில போட்டுக் கொண்டுவந்தா. அந்தச் சட்டையைப் பூனை இன்னிவரைக்கும் கண்ணால பார்த்ததில்ல. அது அவ தலையணைக்கு அடியில இருக்கு. வாசல்ல வண்டி நின்னா பூனை அசையறதே இல்ல, அவதான் தலையைத் தூக்கிப் பார்க்கறா.

ஞாயித்துக்கிழமை காலையில வாங்க. உங்க கையேட்டுல ஒரு தப்பும் இல்ல. கத்தாதீங்க, துரத்தாதீங்க, அதுவா வர்ற வரைக்கும் பக்கத்துல பேசாம உட்காருங்க. முழங்காலைப் பத்திக் கவலைப்படாதீங்க, தூக்கிவிட நான் இருக்கேன். விளக்கம் மட்டும் சொல்லிடாதீங்க. பழம், ஸ்வீட்டு, பூங்கொத்து எதுவும் வேண்டாம். வர்றப்ப ஒரு போர்வை கொண்டுவாங்க.