பிள்ளை பெற்ற மெம்பர்

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் மகாராஜாவுக்குப் பயப்படாதவர்கள் இருந்திருக்கலாம்; ஆட்சேபணை அம்மாளுக்குப் பயப்படாத ஆண்பிள்ளை ஒருவரும் கிடையாது. எதையும் ஆட்சேபிப்பதால் ஊர் வைத்த பெயர் அது. அம்மாள் மாதர்களுக்காக ஒரு மாதப் பத்திரிகை நடத்தினார். நான் அங்கே புரூஃப் பார்த்தேன். அதை வாங்குகிறவர்கள் கொஞ்சம். கல்யாண அழைப்பிதழ் அச்சடித்துத்தான் காலட்சேபம். அதிலும் மணமகள் பெயரைக் கொட்டை எழுத்திலும் மாப்பிள்ளை பெயரைப் பொடி எழுத்திலும் போடுவார். பிள்ளை வீட்டார் சண்டைக்கு வந்தால், "பூதக்கண்ணாடி தாரேன், கூடவே குடுத்துவிடுங்க" என்பார். பாதிப் பேர் அச்சடிக்கத் திருச்சிக்கு பஸ் ஏறிவிட்டார்கள்.

அரிசி மில் முதலாளி ஒருவர் சட்டசபை மெம்பராக இருந்தார். கொட்டாவிக்குத் தவிர அவர் சபையில் வாய் திறந்ததில்லை என்று அம்மாள் எழுதிவிட்டார். கைத்தடியோடு அடிக்க வந்த மெம்பர், போகும்போது அம்மாளைத் தம் அரசியல் ஆலோசகராக நியமித்துவிட்டுப் போனார். திட்டுவதையே இவ்வளவு அழகாக எழுதுகிறவர் தமக்குப் பேச்சு எழுதினால் எப்படி இருக்கும் என்று ஆசை வந்துவிட்டது. அம்மாள் நிபந்தனை போட்டார்: எழுதியதை மாற்றக்கூடாது, முன்கூட்டிப் படித்துப் பார்க்கவும் கூடாது.

அப்போது எங்கள் கொடும்பாளூர்ப் பக்கம் பிரசவம் பார்க்க நர்ஸ் கிடையாது. சிக்கல் என்றால் புதுக்கோட்டைக்கு மாட்டு வண்டிதான். வழியிலேயே உயிரை விட்டவர்கள் உண்டு. நர்ஸ் கேட்டு அம்மாள் எழுதாத மாதமில்லை. ஒருவரும் லட்சியம் செய்யவில்லை.

சபை கூடியது. நானும் அம்மாளும் பார்வையாளர் பெஞ்சில் இருந்தோம். மெம்பர் மீசையைத் தடவிக்கொண்டு கணீரென்று வாசித்தார்:

"கனம் தலைவர் அவர்களே, பத்தாம் மாதம் விடிகாலையில் எனக்கு இடுப்புவலி எடுத்தது."

கொடும்பாளூர்க்காரி ஒருத்தி தன் பிரசவத்தைப் பற்றிச் சொன்னதை அம்மாள் வார்த்தை மாறாமல் எழுதியிருந்தார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. மெம்பர் பரிதாபமாக எங்களைப் பார்த்தார். மேலே வாசிக்கும்படி அம்மாள் கையசைத்தார். வாக்குக் கொடுத்த மனிதர், வாசித்தார். வண்டியில் ஏற்றினார்கள், அச்சு முறிந்தது, வெயிலில் கிடந்தேன் என்று போகப் போக, தம்மையறியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை அழவே இல்லை" என்ற இடத்தில் காகிதத்தைத் தாழ்த்திவிட்டார். சிரிப்பும் நின்றுவிட்டது. நர்ஸ் போட உத்தரவாயிற்று.

வெளியே வந்ததும் மெம்பர் பொருமினார். "என்னங்கம்மா, என்னையப் பிள்ளை பெற வச்சுட்டீங்களே?"

"அவளை உள்ள விடமாட்டாங்க. ஒங்களத்தான் விடுவாங்க" என்றார் அம்மாள்.

அதன்பிறகு மெம்பரை வளைகாப்புகளுக்கு அழைத்தார்கள். பிரசவ லேகியம் கொடுத்தனுப்பினார்கள். கோபித்துக்கொள்ளலாமா என்று ஆலோசகரைக் கேட்டார். லேகியம் உடம்புக்கு நல்லது, ரெண்டு வேளையும் சாப்பிடுங்கள் என்று ஆலோசனை கிடைத்தது. சாப்பிட்டு நன்றாகப் பெருத்தார்.

எனக்குத் தலைப்பிரசவம் கொடும்பாளூரில் தாய்வீட்டில், அந்த நர்ஸ் கையில்தான். ஆட்சேபணை அம்மாள் பஸ் பிடித்து வந்துவிட்டார். ஊரை நடுங்க வைத்தவர் கதவுக்கு வெளியே தெய்வத்தையெல்லாம் கும்பிட்டபடி நின்றாராம். பிள்ளை அழுத சத்தம் கேட்டதும் வீட்டில் எல்லோரும் ஆணா பெண்ணா என்று ஒரே கூச்சல். அம்மாள் மட்டும் கதவில் வாயை வைத்து, "ஏத்தா, நீ இருக்கியா?" என்றார்.

என்னைப் பெற்றவள்கூட அதை அப்புறந்தான் கேட்டாள்.